மேசையை ஒதுக்கிவைக்கும் சில நிமிடங்கள்

ஹட்டனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மேசையில் விரித்துவிட்ட தாள்கள் ஈரம் குடித்துச் சுருள்வதும், குவிந்து கிடக்கும் கொப்பிகளில் பூஞ்சணம் பிடிப்பதும் மலையகத்தில் வாழ்வோர் அறிந்ததே. ஆகவே மாலையில் எழுமுன், திருத்திய கொப்பிகளைப் பைக்குள்ளும் பேனைகளை லாச்சிக்குள்ளும் வைத்து, தேநீர்க் கோப்பையின் கறையைத் துடைத்துவிட்டு, மறுநாள் முதலில் தொடவேண்டிய ஒரேயொரு வேலையை மட்டும் மேசையின் நடுவில் விட்டுச்செல்கிறேன். இவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தக் கடைசிப் பழக்கமே. காலையில் எதிலிருந்து தொடங்குவது என்ற தயக்கமின்றி, மனம் இலேசாகி, உடனே வேலையில் அமரமுடிகிறது. கண்ணெதிரே பல பொருள்கள் இருக்கையில், அவை மூளையின் பார்வைப் பகுதியில் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கவனத்தைச் சிதறடிக்கக்கூடும் என்பதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வும் உணர்த்துகிறது. மின்கம்பிகளைச் சுருட்டிக் கட்டுவதும் நல்லதுதான், ஆனால் அதை விடுமுறை நாளுக்கு ஒத்திவைக்கலாம்.