ஒரே கணக்கு, இரண்டு மொழிகள்: நான் மெஷின் லேர்னிங் படித்த விதம்

தரவிலிருந்து கணிக்கக் கணினியைப் பழக்கும் மெஷின் லேர்னிங்கைப் படிக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் அறிவுரை, "பைத்தானை மட்டும் பிடிச்சுக்கோ, வேற எதையும் தொடாதே" என்பதுதான். நான் அந்த வழியில் போகவில்லை. ஆர், பைத்தான் என்ற இரண்டு நிரல்மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். விடைகள் எங்கெல்லாம் ஒத்துப்போகவில்லையோ, அங்கெல்லாம் நின்று ஏன் என்று தேடினேன். எனக்கு இந்தத் துறை புரிந்ததே அந்த இடங்களில்தான்.

நான் புள்ளியியல் படித்தவன். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். கல்லூரி நாட்களிலேயே ஆர் பழக்கம் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1990-களில் உருவாக்கிய மொழி அது. புள்ளியியல் படித்தவனின் மனம் எப்படி ஓடுமோ அப்படியே ஓடும். பைத்தான் வேறு மாதிரி. எல்லா வேலைக்குமான பொது மொழியாக 1991-இல் வெளிவந்தது. எண்கணக்குக்கு நம்பை, அட்டவணைத் தரவுக்குப் பாண்டாஸ், கணிப்பு மாடல்களுக்குச் சைக்கிட்-லேர்ன் என்று நூலகங்கள் (தயார் நிரல்களின் தொகுப்புகள்) ஒவ்வொன்றாகச் சேர்ந்த பிறகே இந்தத் துறைக்குத் தாய்வீடானது. இன்று டீப் லேர்னிங் (பல அடுக்கு நரம்பு வலைப்பின்னல்) நூலகமான பைடார்ச் பக்கம் போகவேண்டும் என்றால் பைத்தானைத் தவிர்க்க முடியாது. அதற்காகக் கைவந்த ஆரை விட்டுவிடவும் மனம் வரவில்லை.

எனக்கு ஒரு தேவையும் இருந்தது. ஆலையில் ஒவ்வொரு ஷிப்டிலும் எந்த மெஷின் ஏன் நின்றது என்று தமிழில் ஒரு வரி எழுதி வைப்பார்கள். "நூல் அறுந்தது", "பெல்ட் போயிடுச்சு", "கரண்ட் இல்லை" என்ற மாதிரி. இந்த வரிகளைக் காரணவாரியாகத் தானாகவே பிரிக்க முடிந்தால், எந்தக் காரணத்தால் எவ்வளவு உற்பத்தி போகிறது என்று மாதக் கடைசியில் தெளிவாகச் சொல்லலாம். அந்த வேலையை மனதில் வைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

படிக்க எடுத்துக்கொண்டவை குறைவுதான். முதலாவது, 'அன் இன்ட்ரொடக்‌ஷன் டு ஸ்டாட்டிஸ்டிக்கல் லேர்னிங்' என்ற பாடநூல். 2013-இல் வந்த முதல் பதிப்பில் பயிற்சிகள் எல்லாம் ஆரில் இருந்தன. 2023-இல் அதே நூல் பைத்தான் பயிற்சிகளோடு வந்தது. இரண்டையுமே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு மொழிகளில் படிக்க நினைப்பவருக்கு இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது. அதோடு இலவச இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் ரவீந்திரனின் பாடங்கள். மேட்ரிக்ஸ் கணக்கு துருப்பிடித்திருந்ததால் எம்ஐடியின் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகளையும் பார்த்தேன். ஆண்ட்ரூ இங் 2011-இல் இணையத்தில் நடத்திய புகழ்பெற்ற பாடத்தில் பயிற்சிகள் ஆக்டேவ் மொழியில் இருந்தன. 2022-இல் வந்த புதிய வடிவம் பைத்தானுக்கு மாறிவிட்டது. பழைய வீடியோவோடு புதிய பயிற்சியைச் சேர்த்துப் படிக்க முயன்றால் குழப்பம்தான், ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பழையதாக இருந்தாலும் கவலை வேண்டாம். உலாவியிலேயே நிரல் ஓட்டவிடும் கோலாப், காகிள் தளங்கள் இரண்டிலும் ஆர் நோட்புக்கும் திறக்கலாம், பைத்தான் நோட்புக்கும் திறக்கலாம்.

முதல் கணக்காகக் காகிளில் எல்லோரும் எடுக்கும் டைட்டானிக் தரவையே எடுத்தேன். 891 பயணிகள், அதில் பிழைத்தவர்கள் 342 பேர். யார் பிழைப்பார் என்று ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றின் வாய்ப்பைக் கணக்கிடும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் மூலம் கணிக்க வேண்டும். ஆரில் 'ஜிஎல்எம்' என்று ஒரே வரி, விடை வந்துவிட்டது. அதே தரவை சைக்கிட்-லேர்னிடம் கொடுத்தால் ஏற்க மறுத்தது. காரணம், 177 பேருக்கு வயது பதிவாகவில்லை. ஆர் அந்த 177 வரிகளையும் தானே ஒதுக்கிவிட்டு 714 பேரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தது. சுருக்க அறிக்கையின் அடியில் ஒரு சின்ன வரியில் அதைச் சொல்லியும் இருந்தது. விடுபட்ட தரவை என்ன செய்வது என்ற முடிவை ஒரு மொழி நமக்காக எடுத்துக்கொள்கிறது, இன்னொன்று நம் கையில் விடுகிறது. ஒரே மொழியில் மட்டும் படித்திருந்தால் இப்படி ஒரு முடிவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

சரி, அந்த 714 பேரையே இரண்டுக்கும் கொடுத்தேன். அப்போதும் கெழுக்கள் (வயது, கட்டணம் போன்ற ஒவ்வொன்றுக்கும் மாடல் தரும் எடை எண்கள்) ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பார்க்க தயார் மாடல் எதையும் எடுக்காமல், பிழை குறையும் திசையில் கெழுக்களைப் படிப்படியாக நகர்த்தும் கிரேடியன்ட் டிசென்ட் முறையை நம்பையில் நானே எழுதினேன். அதற்கு எடுத்த மாலைப்பொழுதுகளை இந்தப் படிப்பிலேயே மிகப் பயனுள்ளவை என்று சொல்வேன். என் விடை ஆர் தந்த விடையோடு ஒத்தது. சைக்கிட்-லேர்ன் மட்டும் தனித்து நின்றது. ஆவணத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது. அது கேட்காமலேயே ரெகுலரைசேஷன் சேர்க்கிறது. கெழுக்கள் பெரிதாக வளர்ந்துவிடாமல் பூஜ்ஜியத்தின் பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. புள்ளியியலாளர் கெழுவைப் படித்து அர்த்தம் சொல்ல விரும்புவார், அதனால் ஆர் அதைத் தொடுவதில்லை. மெஷின் லேர்னிங்காரருக்குப் புதிய தரவில் கணிப்பு சரியாக வரவேண்டும், அதனால் சைக்கிட்-லேர்ன் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு துறைகளின் நோக்கமும் எங்கே பிரிகிறது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

நானே எழுதியதில் இன்னொன்றும் பிடிபட்டது. கட்டணத்தின் எண்கள் 512 வரை போகின்றன, வயது 80-ஐத் தாண்டுவதில்லை. அளவுகளைச் சமப்படுத்தாமல் விட்டால் கிரேடியன்ட் டிசென்ட் தவழ்ந்து தவழ்ந்துதான் போகிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஓடிய பிறகே விடைக்குப் பக்கத்தில் வந்தது. ஆரோ நாலைந்து சுற்றில் முடித்துவிடுகிறது. அது சரிவை மட்டுமல்லாமல் வளைவையும் பார்த்து அடியெடுத்து வைக்கும் முறை. இரண்டாம் வகைக்கெழு எதற்கு உதவும் என்று கல்லூரியில் கேட்டிருந்தால் சூத்திரத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

அளவுகளைச் சமப்படுத்தும்போது மூன்றாவது, நான்காவது தசமத்தில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தது. சமப்படுத்த எண்களைத் திட்ட விலக்கத்தால் வகுக்கிறோம். அதைக் கணக்கிடும்போது ஆர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கிறது, நம்பை கழிப்பதில்லை. பாண்டாஸ் கழிக்கிறது. அதாவது பைத்தானுக்குள்ளேயே இரண்டு விடைகள்! 714 பேரில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் நாங்கள் ஆலையில் 10 மாதிரிகளை எடுத்துச் சோதிக்கும் இடத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். நூலின் சீரான தன்மையை அந்த எண்ணை வைத்துத்தானே முடிவு செய்கிறோம். தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் நம்பைக்கு மாறும்போது இதை அவசியம் பாருங்கள்.

எங்கள் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவன், "எதுக்குங்கண்ணா ரெண்டு ரெண்டா போடறீங்க? நேரம்தானே போகுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நேரம் போனது உண்மைதான். ஆனால் ஷிப்ட் புத்தகத்தின் தமிழ் வரிகளுக்கு வந்தபோது அவனே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது வரும். எழுத்தை எண்ணாக மாற்ற முதலில் வரியைச் சொற்களாக உடைக்க வேண்டும். ஆரில் ஸ்ட்ரிங்கார் தொகுப்பு 'நூல் அறுந்தது' என்பதை ஒழுங்காக இரண்டு சொற்களாகப் பிரித்தது. சைக்கிட்-லேர்னின் இயல்பான அமைப்பில் கொடுத்தால் கிடைத்தவை 'அற', 'தத' என்ற இரண்டு துண்டுகள். 'நூல்' என்ற சொல்லே காணாமல் போய்விட்டது. 'பெல்ட்', 'மோட்டார்' ஆகியவையும் அப்படியே. காரணம், எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் முறையில் இருக்கிறது. 'நூ' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு 'ந' ஒரு குறியீடு, ஊகாரக் குறி இன்னொரு குறியீடு. புள்ளியும் தனிக் குறியீடுதான். பைத்தானில் எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகச் சேர்த்துக்கொள்வதில்லை, அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகிறது. சைக்கிட்-லேர்ன் ஒற்றை எழுத்துத் துண்டுகளை வேறு கழித்துவிடுகிறது. ஸ்ட்ரிங்காரின் அடியில் இருக்கும், யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ நூலகம் இந்தக் குறிகளையும் சொல்லோடு சேர்த்தே பார்க்கிறது.

கொடுமை என்னவென்றால், பைத்தான் இதற்கு எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. மாடல் பயிற்சி பெறும், ஒரு மதிப்பெண்ணும் வரும். தமிழுக்கு இந்த முறை சரிவராது போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவோம். உலகமே பயன்படுத்தும் ஒரு கருவியின் இயல்பான அமைப்பு தமிழைச் சிதைக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தமிழில் மெஷின் லேர்னிங் சொல்லித்தரும் ஒவ்வொருவரும் இதை முதல் வகுப்பிலேயே காட்டவேண்டும்.

தீர்வு எளிது. இடைவெளியை வைத்துப் பிரிக்கும்படி அமைப்பை மாற்றலாம். அதைவிட நன்றாக வந்தது, சொற்களை விட்டுவிட்டு எழுத்துத் தொடர்களை எண்ணும் முறை. 'அறுந்தது', 'அறுந்து', 'அறுந்துபோச்சு' என்று ஒரே சொல் பல உருவங்களில் வரும். மூன்று நான்கு குறியீடுகள் கொண்ட துண்டுகளாக எடுத்தால் பொதுவான பகுதி தானாகவே சேர்ந்துகொள்கிறது. 'மோட்டார்', 'மோட்டர்' என்ற எழுத்து வேறுபாடும் பெரிய தடையாக இல்லை.

மாடலைச் சோதிக்கத் தனியாக வைக்கும் தரவை மாதவாரியாகப் பிரித்தேன். ஒரே கோளாறை அடுத்தடுத்த ஷிப்டுகளில் ஏறக்குறைய அதே வார்த்தைகளில் எழுதியிருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்தால் பயிற்சியில் பார்த்த வரியே சோதனையிலும் வந்து மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டும்.

இப்போது அந்த மாடல் மாத அறிக்கைக்கு ஓடுகிறது. சந்தேகமான வரிகளைத் தனியாக ஒதுக்கும்படி வைத்திருக்கிறேன், அவற்றைப் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர் பார்த்துக் காரணம் குறித்துத் தருகிறார். கணிப்பு பைத்தானில் நடக்கிறது, அறிக்கையின் வரைபடங்கள் ஆரில். அடுத்து பைடார்ச். அதற்காக மிதேஷ் கப்ராவின் என்பிடெல் டீப் லேர்னிங் பாடத்தைத் தொடங்கியிருக்கிறேன். தம்பியும் சேர்ந்துகொண்டான், அவன் பங்குக்கு ஆர் பயிற்சிகளைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.