மறுபடியும் ஒரு கிட்டார்
இனி வாங்கவே கூடாது என்று சொல்லி முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகர சத்தம். அதனாலேயே விற்றவர் பாதி விலைக்குக் கொடுத்தார். மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்து, குமிழை இருபது முறை முன்னும் பின்னும் சுற்றினேன். சத்தம் போயே போச்சு!

பழைய கிட்டாரில் நான் பயப்படுவது நெக்குக்குத்தான், அதாவது கம்பிகள் ஓடும் நீளக் கழுத்து வளைந்திருக்குமோ என்று. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி பார்ப்பேன். கால் மில்லிமீட்டர், அதாவது விசிட்டிங் கார்டு கனம் இருந்தால் சரி. அதிகமென்றால் ட்ரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் உலோகத் தண்டு) திரும்புகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டேன். ஃப்ரெட் பள்ளம் விழுந்திருந்தால் ஒரு கும்பிடு.

அப்புறம், கூடவே கிட்டார் ஒலியை முரடாக்கும் ஒரு டியூப் ஸ்க்ரீமர் பெடலும் வந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.