வெனிஸ் போகாத கப்பல்

டிக்கெட்டில் பெரிதாக ‘வெனிஸ்’ என்றுதான் போட்டிருந்தது. கப்பல் ஏறும் இடம் திரியெஸ்தே என்று அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் பணம் கட்டிய பிறகுதான் அக்கா கவனித்தாள். விசாரித்தால் விஷயம் இதுதான்: 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் பழைய வெனிஸ் நகரை ஒட்டிய கால்வாய்க்குள் வரக் கூடாது என்று 2021 ஆகஸ்டிலேயே இத்தாலி தடை போட்டுவிட்டது. எங்களுடையதோ அதைப்போல மூன்று மடங்கு. விமானம் வெனிஸில் இறங்கியது. அங்கிருந்து இரண்டு மணி நேரம் பஸ். வெனிஸை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்கவில்லை.

“வெனிஸ் போகலைன்னா என்ன, வெனிஸ் எங்கெல்லாம் போச்சுன்னு பார்ப்போம்” என்றாள் அக்கா. ஒரு காலத்தில் தனி வல்லரசாக இருந்த வெனிஸ், அட்ரியாட்டிக் கடற்கரையில் தான் ஆண்ட ஊர்களில் எல்லாம் இறக்கை முளைத்த சிங்கம் ஒன்றைக் கல்லில் செதுக்கி வைத்தது. வெனிஸின் காவல் புனிதர் மாற்குவின் சின்னம் அது. எத்தனை சிங்கம் கண்ணில் படுகிறது என்று எண்ணிக் குறிக்க ஒரு குட்டி நோட்டு வாங்கிக்கொண்டாள்.

திரியெஸ்தேயில் அரை நாள்தான். ஒரு பக்கம் முழுக்கக் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பெரிய சதுக்கத்தில் காபி குடித்தோம். பல நூற்றாண்டுகள் ஆஸ்திரியாவின் கையில் இருந்த ஊர். அங்கே சிங்கம் தேடி நாங்கள் அலையவில்லை.

முதலில் நின்றது குரோஷியாவின் துப்ரோவ்னிக். கப்பல் நிற்கும் குரூஸ் துறைமுகத்திலிருந்து கோட்டைக்கு மூன்று கிலோமீட்டர், பஸ் உண்டு. மதில் மேல் சுற்றிவர 1,940 மீட்டர். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கிறது, முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. மேலிருந்து பார்த்தால் கூரை ஓடுகளில் இரண்டு நிறம் இருக்கும். மங்கியவை பழசு, பளிச்சென்றவை 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த பிறகு போட்டவை. அந்தப் பளிச் நிறம்தான் அதிகம் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

இங்கே சிங்கம் இல்லை. 1358-இலேயே வெனிஸின் பிடியிலிருந்து நழுவிய ஊர் இது. துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டியும் எல்லோரிடமும் வியாபாரம் செய்தும் 1808 வரை தனிக் குடியரசாகத் தாக்குப்பிடித்தது. வாசல்களில் சிங்கத்துக்குப் பதில் காவல் புனிதர் பிளேஸ், ஊரின் குட்டி உருவத்தைக் கையில் ஏந்தியபடி நிற்கிறார். 1377-இல், கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் 30 நாள் வெளியே காத்திருந்த பிறகே உள்ளே வரலாம் என்று சட்டம் போட்டதும் இவர்கள்தான். பின்னாளில் அது 40 நாளாகி, ‘நாற்பது’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து குவாரண்டைன் வந்தது. கப்பலில் வந்து இறங்கி நின்றுகொண்டு இதைப் படிப்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அக்கா உலுக்கினாள். “எழுந்திருடா, மலை உள்ள வருது.” உண்மையில் நாங்கள்தான் மலைக்குள் போய்க்கொண்டிருந்தோம். மான்டிநீக்ரோவின் கோத்தோர் விரிகுடாவை ஃபியோர்ட் (பனியாறு குடைந்த கடல் நுழைவு) என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். அது பனியாறு குடைந்தது அல்ல, கடலில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. வெரிகே என்ற இடத்தில் அகலம் 350 மீட்டர்கூட இல்லை. டெக்கில் இருநூறு பேர் நின்றோம், ஒருவரும் பேசவில்லை. கரையில் ஒரு வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்து பெராஸ்த் கிராமம், எதிரே இரண்டு குட்டித் தீவுகள். அதில் ஒன்று மனிதர் கட்டியது. 1452-இல் அங்கே ஒரு பாறை மேல் மாதா படம் கிடைத்ததாம். அதிலிருந்து கடலோடிகள் பத்திரமாகத் திரும்பும்போதெல்லாம் ஆளுக்கொரு கல்லைப் போட்டு, பழைய கப்பல்களையும் மூழ்கடித்து, தீவாகவே ஆக்கிவிட்டார்கள். இன்றும் ஜூலை 22 அன்று படகில் போய்க் கல் போடுகிறார்கள். இந்தப் பயணத்தில் என்னை அசைத்த ஒரே இடம் எதுவென்றால், இதைத்தான் சொல்வேன். அரண்மனைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை.

கோத்தோரில் கப்பல் நங்கூரம் போட்டு, சிறு படகில் இறக்கினார்கள். கடல் வாசலிலேயே சிங்கம்! அக்கா நோட்டை எடுத்தாள். 1420 முதல் 1797 வரை வெனிஸ் ஆண்ட ஊர். மலைக்கோட்டைக்கு 1,350 படி. பாதியில் ஒரு தேவாலயம் வரும், என் முட்டி அதோடு நின்றுகொண்டது. இன்னொன்று: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக வழிசெய்யும் ஷெங்கன் ஏற்பாட்டில் மான்டிநீக்ரோ இல்லை, கிரீஸ் உண்டு. விசா எடுக்க வேண்டியவர்கள் மல்டிபிள் என்ட்ரி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மறுபடி கிரீஸில் நுழைய முடியாது.

கிரீஸின் கோர்ஃபு தீவில் சிங்கத்தைத் தேடவே வேண்டாம், துறைமுகத்துக்கு எதிரே புதிய கோட்டைச் சுவரிலேயே இருக்கிறது. நானூறு ஆண்டு வெனிஸ், கொஞ்சம் பிரான்ஸ், 1864 வரை பிரிட்டன். பிரிட்டன் விட்டுப்போனது கிரிக்கெட். ஊர் நடுவே ஸ்பியனாதா மைதானத்தில் பையன்கள் பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வளைவு மண்டபம், அதன் கீழே காபிக்கடைகள். உட்கார்ந்துவிட்டேன். நாலரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும், என் கைக்கடிகாரத்தில் மூன்று இருபது.

கிரீஸில் ஒரு மணி நேரம் முன்னே என்பதை முந்தின இரவே கேபினில் சீட்டு வைத்துச் சொல்லியிருந்தார்கள். நான் அதில் புத்தகத்துக்கு அடையாளம் வைத்திருந்தேன். டாக்சி பிடித்து, மூச்சிரைக்க ஏணிக்கு வந்தபோது அக்கா மேல்தளத்தில் கைகட்டி நின்றாள். இரவு சாப்பாடு வரை பேசவில்லை.

கடைசி நிறுத்தம் பிரேயஸ், ஏதென்ஸின் துறைமுகம். பழைய வரைபடங்களில் இதன் பெயரே ‘சிங்கத் துறை’. மூன்று மீட்டர் உயரப் பளிங்குச் சிங்கம் ஒன்று இங்கே உட்கார்ந்திருந்தது. 11-ஆம் நூற்றாண்டில் வந்த வட ஐரோப்பிய வீரர்கள் அதன் தோளில் தங்கள் எழுத்தில் கிறுக்கியும் வைத்தார்கள். 1687-இல் வெனிஸ் தளபதி மொரோசினி ஏதென்ஸைத் தாக்கினார். துருக்கியர் வெடிமருந்து அடுக்கியிருந்த பழைய பார்த்தெனான் கோயில் சிதறியதும் அவருடைய படையின் குண்டில்தான். திரும்பும்போது சிங்கத்தையும் தூக்கிப்போனார். இப்போது அது வெனிஸின் பழைய கப்பல்தள வாசலில் இருக்கிறது. பிரேயஸில் இருப்பது நகல்தான்.

விமான நிலையத்தில் அக்காவின் நோட்டைப் பார்த்தேன். கடைசி வரி: “பிரேயஸ் – 1. ஆள் வெனிஸில்.”