கேமாஃப்: ‘கம்’ என்ற வினையோடு ஒரு மாதம்

மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு ஓ.இ.டி. முதல் தடவை அதை எழுதியபோது லிசனிங்கில் எனக்கு 310 வந்தது. இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போக லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 350 வேண்டும், ரைட்டிங்கில் மட்டும் 300 போதும். மற்ற மூன்றிலும் தேறிவிட்டேன். லிசனிங்கில் விழுந்ததற்கு, “ஆக்சென்ட் புரியலை” என்று கேட்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பாதி பொய். டாக்டர்கள் ஹைபர்டென்ஷன், அரித்மியா, கோலிசிஸ்டைட்டிஸ் என்று பேசினால் ஒரு எழுத்து விடாமல் எழுதிவிடுவேன். நோயாளி வாயைத் திறந்து கம், கோ, புட், டேக் என்று ஆரம்பித்தால்தான் கை நின்றுவிடும். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள்!

கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுத்தவள் பெரியம்மா மகள் அக்கா. இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள். அவள் நோயாளி, நான் நர்ஸ். ஒரு நாள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்து, “ஐ கேம் ஆஃப் மை பைக்” என்றாள். பைக்கில் வந்து இறங்கினேன் என்கிறாள் போல என்று நினைத்து, சரி, அப்புறம் என்ன ஆச்சு என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் அதே வாக்கியத்தை மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை முனகலோடு. நானும் விடாமல், பைக்கை எங்கே நிறுத்தினீர்கள் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் போன் கீழே விழுந்துவிட்டது. “ஏட்டி, நான் பைக்ல இருந்து விழுந்து கை ஒடிஞ்சு கிடக்கேன். நீ பார்க்கிங் எங்கன்னு கேக்குதியே!”

‘கேம் ஆஃப்’ என்றால் வண்டியிலிருந்து விழுவது. அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படி வினையோடு ஆஃப், ஆன் மாதிரி ஒரு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். அதை நான் படிக்காமல் இல்லை. நாகர்கோவிலில் நான் போன பயிற்சி மையத்தில் 300 ஃப்ரேசல் வெர்ப் அடங்கிய ஜெராக்ஸ் தாள் கொடுத்திருந்தார்கள். அகர வரிசையில், எதிரே ஒற்றைச் சொல்லில் பொருள். மார்த்தாண்டத்தில் பஸ் ஏறி வடசேரி வந்து சேர்வதற்குள் முப்பதை உருப்போட்டுவிடுவேன். திரும்பி வரும்போது தக்கலை தாண்டினால் பத்து மிஞ்சும். மறுநாள் காலை மூன்று. கம் அபௌட், கம் அக்ராஸ், கம் அலாங், கம் அபார்ட் என்று ஒன்றுபோலவே ஒலிப்பவற்றை அடுத்தடுத்து அடுக்கி வைத்தால் ஒன்று இன்னொன்றைத் தள்ளிவிட்டுவிடும். அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை, ஆனால் அதன் பிறகு தொடவும் இல்லை.

வெள்ளைக்காரர் ஒருவர் தமிழ் கற்க வந்து ‘போடு’ என்ற வினையில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊசி போடு, கட்டுப் போடு, காபி போடு, சண்டை போடு, தாழ்ப்பாள் போடு. கடைசியில் ஆடு குட்டி போட்டது என்றால் எங்கிருந்து கீழே போட்டது என்று கேட்பார். நமக்கு இதில் குழப்பமே கிடையாது. ‘போடு’வைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு நாம் பொருள் தேடுவதில்லை, ‘ஊசிபோடு’ என்பது மொத்தமாக ஒரே சொல்லாக மண்டையில் கிடக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான் கிடக்க வேண்டும். தமிழில் வினைக்கு முன்னால் ஒரு பெயர் நின்று பொருளை மாற்றுகிறது, அங்கே வினைக்குப் பின்னால் ஆன், ஆஃப், அப், ரவுண்ட் என்று ஒரு வால் நின்று மாற்றுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் புரிந்துகொண்ட பிறகு ‘கம் என்றால் வா’ என்ற பழைய பாடத்தை மறப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பாட்டாவுக்கு உடம்பு சரியில்லை என்றால், “மேலுக்குச் சுகமில்ல மக்களே” என்பார். காய்ச்சல் என்றால் “பனியாட்டு இருக்கு”. 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு கிடந்த குமரி மண், மலையாளம் கலக்காமல் எப்படி இருக்கும்? சென்னையில் படித்துவிட்டு வந்த ஒரு நர்ஸ் இதைக் கேட்டால், பனியா, ஏசியைக் குறைக்கவா என்பார். மெடிக்கல் புத்தகத்தில் ‘பனி’ கிடையாது, வார்டில் உண்டு. ஃப்ரேசல் வெர்ப்பும் அதே ரகம். இங்கிலாந்துப் பாட்டாக்களின் ‘மேலுக்குச் சுகமில்ல’ அது. டாக்டர் பேச்சில் குறைவாகவும் நோயாளி பேச்சில் நிறையவும் வரும். லிசனிங்கின் முதல் பகுதி முழுக்க நோயாளியோடு நடக்கும் இரண்டு உரையாடல்கள்தான். மொத்தம் 42 கேள்விகளில் 24 அங்கேயே போய்விடும். ஒலி ஒரே தடவைதான் ஓடும்.

அதனால் ஒரே ஒரு வினையை எடுத்துக்கொண்டு, அதை நோயாளி வாயில் மட்டும் வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வினை ‘கம்’. காரணம் சோம்பல். ‘கம்’ செயப்படுபொருள் ஏற்காத வினை. அதனால் ‘இட்’டை நடுவில் வைப்பதா கடைசியில் வைப்பதா என்ற தலைவலி அதில் இல்லை. புட், டேக் இரண்டிலும் அந்தத் தலைவலி உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் வந்தது ‘கம் ஆன்’. கிரிக்கெட்டில் கத்துகிற கமான் இல்லை. வலியோ மயக்கமோ தொடங்குவது. “வென் டிட் தி பெயின் கம் ஆன்?” என்று நர்ஸ் கேட்கலாம், “இட் கேம் ஆன் சடன்லி” என்று நோயாளி சொல்லலாம். இங்கிலாந்தில் பெண்கள் “ஐ ஹேவ் ஜஸ்ட் கம் ஆன்” என்றால் மாதவிலக்கு இப்போதுதான் தொடங்கியது என்று அர்த்தமாம். இதை அக்கா சொல்லித்தான் தெரியும், அந்த ஜெராக்ஸில் இல்லை.

‘கம் டௌன் வித்’ சளி, ஃப்ளூ மாதிரி தொற்றுக்கு. எலும்பு முறிவுக்குச் சொல்ல மாட்டார்கள். ‘கம் அப்’ என்றால் கொப்புளமோ வீக்கமோ எழும்புவது. ‘கம் த்ரூ’ ஆபரேஷனைத் தாண்டி வருவது. இவை மூன்றும் எனக்குச் சிரமம் தரவில்லை.

சிரமம் தந்தது ‘கம் அவுட் இன்’. “ஐ கேம் அவுட் இன் எ ராஷ்.” நாம் என்ன சொல்வோம்? உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டது. நமக்குத் தடிப்பு வருகிறது, அவர்களுக்கு ஆளே தடிப்பாக வெளியே வருகிறார்! நமக்கு எழுவாய் தடிப்பு, அவர்களுக்கு எழுவாய் நோயாளி. இந்த இடத்தில் தமிழிலிருந்து மொழிபெயர்க்கப் போனால் வாக்கியம் கையை விட்டுப் போய்விடும். இருபது தடவையாவது சத்தமாகச் சொல்லிப் பார்த்திருப்பேன். திண்ணையில் இருந்த பாட்டா, “யாரை மக்களே கம் கம்முன்னு கூப்பிடுத?” என்று கேட்டே விட்டார்.

‘கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிவது. மயக்க மருந்து கொடுத்த நோயாளியைப் பற்றி வார்டில் அடிக்கடி வரும். ‘கம் டு’ என்றும் சொல்வார்கள். ஆனால் அதே ‘கம் ரவுண்ட்’ வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவதற்கும் ஆகும். “மை டாட்டர் கேம் ரவுண்ட்” என்று நோயாளி சொன்னால் மகள் மயக்கம் தெளிந்தாளா, வீட்டுக்கு வந்தாளா? யார் மயங்கிக் கிடந்தார் என்பதை முன் வாக்கியத்தில் கவனித்திருந்தால்தான் விடை.

‘கம் ஆஃப்’ இன்னும் மோசம். பைக்கிலிருந்து விழுவது ஒன்று. காயத்தின் மேல் போட்ட டிரெஸ்ஸிங் கழன்று வருவது ஒன்று. மாத்திரையை நிறுத்துவது மற்றொன்று: “ஐ கேம் ஆஃப் தி டேப்லெட்ஸ் இன் மார்ச்.” மூன்றும் ஆஸ்பத்திரியில் காதில் விழுபவை. மூன்றிலும் ஒன்றோடு ஒட்டியிருந்தது விலகுகிறது, கவனித்தீர்களா? ஆள் வண்டியிலிருந்து, டிரெஸ்ஸிங் தோலிலிருந்து, உடம்பு மருந்திலிருந்து. வாலுக்கு ஒரு படம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது இங்கேதான். ஆனால் எல்லா இடத்திலும் இந்தப் படம் கை கொடுக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை பார்த்தவர், “தி பம்ப் அலாரம் இஸ் கோயிங் ஆஃப்” என்றாராம். ஆஃப் ஆகிறது என்றால் நல்லதுதானே என்று இவள் சார்ட் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அலாரம் ‘கோ ஆஃப்’ என்றால் அடிக்கிறது என்று அர்த்தம். பால் ‘கோ ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது. “ஐ ஹேவ் கான் ஆஃப் மை ஃபுட்” என்றால் சாப்பாட்டில் நாட்டமில்லை. இவற்றுக்கு ஒரு படத்தைத் தேடி மண்டையை உடைப்பதைவிட, அப்படியே விழுங்கிவிடுவது நேரத்துக்கு நல்லது.

பொருள் தெரிந்த பிறகும் ஒலியில் இரண்டு மூன்றைத் தவறவிட்டேன். தாளில் ‘கேம் ஆஃப்’ இரண்டு சொல். காதில் ஒரே சொல்: கேமாஃப். ‘கம் அவுட் இன் எ’ என்பது கமௌட்டினெ. பள்ளியில் புணர்ச்சி படித்திருப்பீர்களே, மெய்யின் மேல் உயிர் வந்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேல் எடுத்தான் என்பது வேலெடுத்தான் ஆகும் என்று. அதேதான். இந்த ஃப்ரேசல் வெர்ப் வால்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் தொடங்குகின்றன: அப், ஆன், ஆஃப், அவுட், இன். அதனால் வினையின் கடைசி மெய்யில் ஏறிக்கொள்கின்றன. கூடவே அழுத்தமும் பெரும்பாலும் வாலில்தான் விழும். கேம்-ஆஃப் அல்ல, கே-மாஃப். நான் வினையைப் பிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் வாலை அழுத்திவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார்கள். தமிழ் எழுத்தில் கேட்டபடியே எழுதிப் பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி. ஆங்கில எழுத்தில் எழுதினால் கண் காதை ஏமாற்றிவிடும்.

நான் செய்தது இவ்வளவுதான். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரே ஒரு வாக்கியம். சொல்லும் பொருளும் இல்லை, வாக்கியம். யார் சொன்னது, எங்கே வலிக்கிறது என்பதோடு. கீழே தமிழ் எழுத்தில் அது ஒலிக்கும் விதம். அதை அடுப்படிச் சுவரில் ஆணியில் குத்திவிடுவேன். நைட் டியூட்டி முடிந்து வந்து கட்டங்காப்பி குடிக்கும்போது அது கண்ணில் படும். ராத்திரி வார்டில் பார்த்த யாராவது ஒரு நோயாளியை மனதில் நிறுத்தி, அவர் இங்கிலாந்தில் பிறந்திருந்தால் இதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று யோசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா வரிசை மாற்றிக் கேட்பாள். ‘கம்’முக்கு மட்டும் ஒரு மாதம் போனது. பிறகு கோ, கெட், புட், டேக்.

ஒரு எச்சரிக்கை. கற்றுக்கொண்ட உற்சாகத்தில் இதையெல்லாம் ரைட்டிங் கடிதத்தில் கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் இன்னொரு மருத்துவப் பணியாளருக்கு எழுதும் ரெஃபரல் மாதிரியான கடிதம் அது. நோயாளி ‘கேம் ரவுண்ட்’ என்று சொல்லட்டும், நீங்கள் ‘ரீகெய்ண்ட் கான்ஷியஸ்னஸ்’ என்று எழுதுங்கள். ‘த்ரூ அப்’ அங்கே ‘வாமிட்டட்’ ஆக வேண்டும். ஸ்பீக்கிங்கில் இதற்கு நேர் எதிர். நோயாளியாக இருப்பவரிடம் ‘ஆன்செட்’ எப்போது என்று கேட்டால் அவர் முகம் மாறும். எப்போது ‘கம் ஆன்’ ஆச்சு என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும்.

புட், டேக் விஷயத்தில் சொன்ன தலைவலி இதுதான். ‘டேக் ஆஃப் தி பேண்டேஜ்’ சரி, ‘டேக் தி பேண்டேஜ் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் பேண்டேஜ் போய் ‘இட்’ வந்துவிட்டால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: டேக் இட் ஆஃப், காதுக்கு டேக்கிட்டாஃப். ‘டேக் ஆஃப் இட்’ தப்பு. எது பிரியும், எது பிரியாது என்று விதி தேட வேண்டாம். மாணவர்களுக்கான கேம்பிரிட்ஜ் அகராதியை இணையத்தில் திறந்தால் ‘டேக் சம்திங் ஆஃப்’ என்று நடுவில் சம்திங் போட்டிருக்கும். பிரியாததற்கு சம்திங் கடைசியில் நிற்கும். அந்த ‘சம்திங்’ எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது தடவை லிசனிங்கில் 380 வந்தது. மூன்றாவது பகுதியில் இன்னும் சறுக்கல்தான், அது ஃப்ரேசல் வெர்ப்பால் அல்ல. பேப்பர் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சுவரில் இப்போது ‘டேக்’ ஓடுகிறது. நேற்று ‘டேக் இன்’ எழுதிய தாளைக் காணோம். “ஐ குடன்ட் டேக் இட் ஆல் இன்”, டாக்டர் சொன்னது எதுவும் மண்டையில் ஏறவில்லை என்று ஒரு கிழவி சொல்கிற மாதிரி எழுதி வைத்திருந்தேன். விசாரித்ததில், அம்மா அந்தத் தாளின் மிச்ச இடத்தில் ஒட்டுப்பால் கணக்கை எழுதி ரப்பர் கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டாளாம்.