ரங்கூன் பாதுஷா தர்காவில் உம்மாவின் நேர்ச்சை

அல்ஹம்துலில்லாஹ், உம்மாவின் நேர்ச்சை நிறைவேறிவிட்டது. தம்பி வீடு வந்து சேர்ந்த அன்றைக்கே, "பாதுஷா கந்தூரிக்கு ரங்கூன் போகணும், போர்வை போர்த்தணும், ஒரு தேக்சா நெய்ச்சோறு ஆக்கணும்" என்று உம்மா சொல்லிவிட்டார். பாதுஷா என்றால், வெள்ளைக்காரர்கள் ரங்கூனுக்கு நாடுகடத்திய கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபர். கந்தூரி என்பது அவர் தர்காவில் வருஷாவருஷம் நடக்கிற விழா. எங்கள் வீட்டில் உம்மா சொன்னால் மறுபேச்சு கிடையாது.

தம்பி கப்பலில் வேலை பார்ப்பவன். வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நங்கூரம் போட்டபடி நின்றுவிட்டது. முதலாளி சம்பளமும் அனுப்பவில்லை, ஆட்களை இறக்கிவிடவும் இல்லை. குடிக்கிற தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறார்கள் என்று அவன் போனில் சொன்ன அன்றிலிருந்து உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. கப்பல்காரப் பிள்ளைக்கு நேர்ச்சை என்றால் நாகூர் எஜமான்தான், எங்கள் வாப்பாவின் வாப்பா காலத்தில் பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனிலிருந்து நாகூர் கந்தூரிக்குப் போய்வந்த கதையெல்லாம் வீட்டில் இன்னும் பேசுவோம். ஆனால் இன்றைய நிலைமையில் பாஸ்போர்ட், விசா, பணம் என்று யாரால் முடியும்? அதனால் உம்மா குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஏழு தடவை ஓதி, நம் பர்மா மண்ணிலேயே அடங்கியிருக்கிற பாதுஷாவின் பெயரில் நேர்ச்சைக்கு நிய்யத் வைத்தார். நான் காரணம் கேட்டேன். "பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குத்தான்டா என் வயிற்றெரிச்சல் தெரியும்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

கப்ரில், அதாவது அடக்கத்தலத்தில் போய் நின்று கேட்கலாமா கூடாதா என்று இப்போது பள்ளிவாசலிலேயே சண்டை போடுகிறார்கள். கொடுப்பவன் அல்லாஹ் ஒருவன்தான், எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவுக்கும் அது நன்றாகத் தெரியும். இந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

மோல்மீனிலிருந்து ரங்கூனுக்குச் சுமார் 300 கிலோமீட்டர். முன்பெல்லாம் ஏழு மணி நேரத்தில் போய்விடலாம், இப்போது வழி நெடுகச் சோதனைச் சாவடி, எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடந்துபோய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். மூட்டுவலிக்கார உம்மா ஒவ்வொரு தடவையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஸலவாத்து சொல்லியபடியே இறங்கினார். ஓரிடத்தில் எங்கள் அட்டையை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பஸ் முழுக்கக் காத்திருக்க, எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பக்கத்து சீட்டில் வந்த பர்மாக்காரப் பெண்மணிதான் "வயசான அம்மா, விடுங்கள்" என்று எங்களுக்காகப் பரிந்து பேசினார். அவர் நல்லா இருக்கணும். அவுங்மிங்கலா பஸ் நிலையத்தில் இறங்கியதும் டாக்ஸிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு சொன்ன வாடகைக்கு மோல்மீனுக்கே திரும்பிப் போய்விடலாம். எப்படியோ பேரம் பேசிச் சாச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தர்கா ஸிவக்கா தெருவில், ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கந்தூரி அன்று தெருமுனையிலேயே நெரிசல். போர்வை விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், "இதை வாங்கினால்தான் உள்ளே போர்த்த விடுவார்கள்" என்று ஒருவர் துணிந்து பொய் சொன்னார். நாங்கள் வீட்டிலேயே உம்மா கையால் ஜரிகை தைத்த பச்சைப் போர்வை கொண்டுபோயிருந்தோம். உண்டியலுக்கு முன்னால் நின்று ரசீதுப் புத்தகத்தை மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறவர்கள் தனி. அவர்கள் தர்கா ஆட்கள்தானா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

மேலே ஜீனத் மஹல் பேகம், பேத்தி ரௌனக் ஜமானி இவர்களுடைய கப்ருகள் இருக்கின்றன, பாதுஷாவின் பெயரிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் அவர் உண்மையில் அடங்கியிருப்பது கீழே. 1862 நவம்பர் 7, ஜமாதுல் அவ்வல் பிறை 14, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மவுத்தானவரை அன்று சாயங்காலமே அடக்கிவிட்டு, மேலே புல் வளர்ந்து அடையாளம் தெரியாமல் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். அப்புறம் நம் ஆட்கள் மன்றாடிக் கேட்டு, 1907-இல் வைத்த கல்லில்கூட "இந்த இடத்துக்கு அருகில்" என்றுதான் எழுத முடிந்தது. 1991-இல் வாய்க்கால் வெட்டும்போதுதான் மூன்று அடி ஆழத்தில் செங்கல் கட்டிய கப்ரு வெளிப்பட்டது. டில்லியில் அரியணையில் இருந்தவர், முரீதுகள் என்ற சீடர்கள் வைத்திருந்த பீரும், அதாவது சூஃபி குருவும்கூட. அவர் பிள்ளைகள் மிர்ஸா முகல், கிஸ்ர் சுல்தான், பேரன் அபூபக்கர் மூன்று பேரையும் 1857 செப்டம்பரில் ஹட்ஸன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்றான். அடுத்த வருஷம் கிழவரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து போட்டார்கள். உம்மாவுக்கு வருஷமோ அதிகாரி பெயரோ தெரியாது, பிள்ளைகளைக் கொன்ற விஷயம் மட்டும் தெரியும்.

படி இறங்குவதற்கே வெகுநேரம் ஆனது. செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறவர்களால்தான் பாதித் தாமதம். கீழே போனால் ரோஜாவும் ஊதுபத்தியும் அத்தரும் வேர்வையும் கலந்த வாடை, ஒரே புழுக்கம். போர்வையின் இரண்டு முனையை நான் பிடிக்க, இரண்டை உம்மா பிடிக்க, ஏற்கெனவே கிடந்த பட்டுகளுக்கு மேல் போர்த்தினோம். தலைமாட்டில் ஒரு முனை மடங்கிக்கிடந்தது. பின்னாலிருந்து ஆள் தள்ளுகிறான், தர்காவில் ஓதுகிற லெப்பை "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார், உம்மா அசையவே இல்லை. குனிந்து அந்த மடிப்பை விரலால் நீவிநீவி எடுத்துவிட்டார், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி.

அப்போது கரண்ட் போய்விட்டது. ரங்கூனில் அது தினசரிக் கதைதான், ஆனாலும் நிலவறைக்குள் கும்மிருட்டு. ஐயோ, நெரிசலில் உம்மாவை மிதித்துவிடுவார்களே என்று எனக்குக் குலை நடுங்கியது, கையை நீட்டித் துழாவுகிறேன். தள்ளிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். உருதுவில் ஒருவர் அழுகிறார், பர்மியில் ஒரு பெண் ஏதோ கேட்கிறாள், நடுவில் உம்மாவின் குரல். யாஸீன் இல்லை, துஆவும் இல்லை, சும்மா பேசுகிறார். "வாப்பா, உங்க பிள்ளைங்க முகத்தைக்கூட உங்களைப் பார்க்க விடலையே. எனக்கு என் பிள்ளையைக் கண்ணுல காட்டிட்டான் ரப்பு. எனக்காக நீங்க கேட்டீங்கள்ல, அது போதும் வாப்பா." எத்தனையோ கந்தூரி பார்த்திருக்கிறேன், மௌலூது ஓதியிருக்கிறேன், கல்நெஞ்சன் என்றுதான் வீட்டில் என்னைச் சொல்வார்கள். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்து விளக்கு எரிந்ததும் லெப்பை மறுபடியும் "சீக்கிரம்" என்றார். அவரைச் சொல்லி என்ன, வரிசை தெரு வரைக்கும் நின்றது.

பாத்திஹா முடிந்து தப்ருக் என்கிற நேர்ச்சைச் சாப்பாடு கொடுக்கிற இடத்தில் அடிதடி நடக்காத குறை. சாப்பாடு எல்லோருக்கும் இருக்கிறது என்று மைக்கில் கத்துகிறார்கள், யார் கேட்கிறார்கள்? எங்கள் நெய்ச்சோற்றைச் சாச்சி வீட்டுப் பக்கத்துச் சமையல்காரப் பண்டாரி ஆக்கிக் கொடுத்தார், தால்சா கொஞ்சம் உப்புக் கரித்தது, அதைச் சொன்னால் உம்மா என்னைக் கொன்றுவிடுவார். தேக்சாவைத் தர்கா முற்றத்தில் ஓரமாக இறக்கி, முதல் தட்டை வாசலில் உட்கார்ந்திருந்த சைக்கிள் ரிக்‌ஷாக்காரருக்குக் கொடுத்தோம். முஸ்லிமா, பௌத்தரா, இந்துவா என்று யாரையும் கேட்கவில்லை, கை நீட்டியவர்களுக்கெல்லாம் உம்மாதான் அள்ளி வைத்தார். தேக்சா காலியான பிறகும் ஒரு சின்னப் பையன் வந்து நின்றான், எனக்கென்று எடுத்து வைத்திருந்தது அவனுக்குப் போயிற்று.

யா அல்லாஹ், உனக்கே எல்லாப் புகழும். எத்தனை தாய்மார்கள் இன்னும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்துவிடு. அந்தக் கப்பலில் தம்பியோடு இருந்த தூத்துக்குடிப் பையனும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டானாம், உம்மா அவன் பெயரையும் சொல்லித்தான் பாத்திஹா ஓதச் சொன்னார்.

தம்பிக்கு இப்போது வேறொரு கப்பலில் வேலை கேட்டு வந்திருக்கிறது. உம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவனுக்குப் பெண் அமையவேண்டும் என்று அடுத்த நேர்ச்சையைத் தர்கா வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.