ஆளுக்கொரு சாவி

எங்கள் வங்கிக் கிளையில் அடகு நகைகளை வைத்திருக்கும் ஸ்ட்ராங் ரூமின் சாவிகளில் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று மேலாளரிடம். இருவரும் சேர்ந்து நின்று ஆளுக்கொரு பூட்டைத் திறந்தால்தான் அந்த இரும்புக் கதவு அசையும். உள்ளே கம்பிக் கதவு, அதைத் தாண்டி நகைப் பெட்டகம். அதற்கும் இதே கதைதான். விடுப்பில் போகிறவர் பதிவேட்டில் கையெழுத்திட்டு, இன்னோர் அதிகாரியிடம் சாவியை ஒப்படைத்துவிட்டுத்தான் போகலாம். மாற்றுச் சாவிகள் எங்கள் கட்டடத்திலேயே இல்லை. வேறொரு கிளையின் பாதுகாப்பில் இருக்கின்றன.

கான்கிரீட் சுவரும் எச்சரிக்கை மணியும் வெளியிலிருந்து வரும் திருடனுக்காக. இரட்டைப் பூட்டு எங்களுக்காக. பொறுப்பேற்ற புதிதில் இது கொஞ்சம் உறுத்தியது உண்மை. இப்போது யாராவது இந்த ஏற்பாட்டைத் தளர்த்தினால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நானாகத்தான் இருப்பேன். அரைக் கிராம் குறைகிறது என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்தால், நான் தனியாக உள்ளே போகவே முடியாது என்பதைவிட நல்ல சாட்சி எனக்கு ஏது?

உள்ளே தங்கக் கட்டிகள் அடுக்கியிருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கட்டியின் பேரில் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. இங்கிருப்பவை தோடு, மோதிரம், முறுக்குச் சங்கிலி, தேய்ந்த வளையல். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பை, பையின்மேல் கடன் எண், பெயர், மொத்த எடை, நிகர எடை.

அந்த இரண்டு எடைகளுக்கும் நடுவில்தான் தினமும் தகராறு. மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் இழுப்பார். கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம். நல்ல தங்கமென்றால் கோடு அப்படியே நிற்கும், செம்பு மிகுந்திருந்தால் பச்சையாகக் கரைந்துவிடும். அதுவரை எல்லோரும் அமைதியாக இருப்பார்கள். பிறகு அவர் கல்லுக்கும் உள்ளே நிரப்பிய அரக்குக்கும் எடையைக் கழிப்பார். "கடைக்காரன் கல்லையும் தங்கத்தோடு சேர்த்துத்தானே எடை போட்டுக் காசு வாங்கினான், நீங்கள் மட்டும் ஏன் தள்ளுகிறீர்கள்?" என்று ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் நகைக்கடை.

எங்களுடையது காவிரிப் பாசனப் பகுதி. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தால் குறுவைச் செலவு. அதே மாதத்தில் பள்ளிக் கட்டணம். நகை வைக்க வரிசை வாசல் வரை நிற்கும். தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு சங்கிலியை மட்டும் நீட்டுகிற பெண்களிடம் நான் காரணம் கேட்பதில்லை. படிவத்தில் கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது போதும். தை பிறந்து அறுவடைப் பணம் கைக்கு வந்ததும் திருப்புகிற கூட்டம். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒன்றை வைத்து இன்னொன்றைத் திருப்புவார்கள். வட்டி கட்டாமல் நகை மூழ்கிப்போகிறவர்களும் உண்டு. நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், ஏலம் என்று போகும் அந்த வேலை எனக்குப் பிடிக்காது.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக் கடன் விதிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை. சொந்தச் செலவுக்கான கடனென்றால் இரண்டரை லட்சம் ரூபாய் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் தரலாம் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடன் முழுவதும் அடைந்தபின் அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும்; வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் பக்கத்தில் இருக்க வேண்டும், விவரச் சான்றும் கொடுக்க வேண்டும்.

அந்தச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். நகையைத் திருப்பும்போது தராசில் மறுபடி எடை போடச் சொல்லுங்கள், கொக்கியும் திருகும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், அதன்பிறகு கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருக்கிறது என்று கூச்சப்பட வேண்டாம்.