மோனாலிசாவுக்கு எதிர் சுவர்ல என்ன இருக்கு?

பாரிஸ் போயிட்டு வந்த யார்கிட்ட வேணா கேளுங்க, லூவ்ர் மியூசியத்துல மோனாலிசா ஓவியம் பாத்தேன்னு சொல்லுவாங்க, எப்படி இருந்துச்சுன்னா "ரொம்ப சின்னதா இருக்குப்பா"ன்னு பதில் வரும். 77 செ.மீ உயரம் 53 செ.மீ அகலம், அதுவும் கண்ணாடிக்குப் பின்னாடி, முன்னாடி அத்தனை பேரும் போனைத் தூக்கிப் புடிச்சிட்டு நிக்கிறாங்க, வேற எப்படி தெரியும். ஆனா அதே ரூம்ல நேர் எதிர் சுவர்ல வெரோனேசே வரைஞ்ச, பைபிள்ல வர்ற கானா ஊர் கல்யாண விருந்து ஓவியம் தொங்குது. 1563ல முடிச்சது, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவ்ர்லயே பெரிய ஓவியம் அதுதான். மொத்த ரூமும் அதுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது! நான் திரும்பி நின்னு நிதானமா பாத்தேன், நடுவுல வாத்தியம் வாசிக்கிறவங்க, மேல கறி வெட்டுற ஆளுங்க, காலடியில நாய்ங்க, ஒரு ஓரமா ஜாடியைப் பிராண்டிட்டு இருக்கற பூனை. யாரும் இடிக்கல, யாரும் தள்ளல.

இந்த திரும்பிப் பாக்குற புத்தி எனக்கு மியூசியத்துல வந்தது இல்ல, வீட்டுப் பக்கத்து ஏரிக்கரையில காலையில நடந்து நடந்து வந்தது. அங்க போர்டு கிடையாது, கைடு கிடையாது, "இங்க நின்னு போட்டோ எடுங்க"ன்னு காலடித் தடம் போட்ட இடமும் கிடையாது, எதைப் பாக்கணும்னு நாமளே தான் முடிவு பண்ணணும். முதல்ல கொஞ்ச நாள் ஒண்ணுமே கண்ணுல படாது, அது சத்தியமா போரடிக்கும், அதைத் தாண்டினா தான் விஷயமே இருக்கு.

உதாரணத்துக்கு தட்டான். தாழப் பறந்தா மழை வரும்னு சொல்றதோட நாம விட்டுடறோம். மஞ்சளும் பழுப்புமா, அகலமான ரெக்கையோட, உக்காரவே உக்காராம கூட்டமா சுத்திக்கிட்டே இருக்கும் பாருங்க ஒரு வகை, பன்டாலா ஃப்ளாவெசென்ஸ்னு பேரு, நாலரை செ.மீ நீளம் தான் இருக்கும். அது இந்தியாவுலேர்ந்து கடலைத் தாண்டி மாலத்தீவு போகுது! அக்டோபர் வாக்குல அங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்கும், ஆனா அந்த தீவுகள்ல தட்டான் முட்டை போட நல்ல தண்ணி தேங்கற இடம் ரொம்ப கம்மி, அதனால அவ்வளவும் அங்கயே பொறந்ததா இருக்க வழியில்ல, வெளியிலேர்ந்து தான் வந்திருக்கணும்னு ஆராய்ச்சி பண்ணினவங்க சொல்றாங்க. அங்கேர்ந்து காத்தைப் புடிச்சு கிழக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதாம், அங்க மழைக் குட்டையில முட்டை போட்டு, பிள்ளையோ பேரனோ தென்மேற்குக் காத்துல திரும்பி வருதாம். அதாவது போனதே திரும்பி வர்றதில்ல, குடும்பம் தான் திரும்புது. நாம ஆறு மாசம் முன்னாடி டிக்கெட் போட்டு, விசாவுக்கு அலைஞ்சு, பெட்டி எடை பாத்து கிளம்பறோம், இது குட்டையிலேர்ந்து எந்திரிச்சு நேரா கிளம்பிடுது.

வெளிநாட்டுலயும் நான் இப்ப அப்படித்தான் சுத்தறேன். சுவிஸ்ல யுங்ஃப்ராவ்யோக் போனேன், 3454 மீட்டர் உயரத்துல ரயில்வே ஸ்டேஷன், மலையைக் குடைஞ்சு 1912லயே ரயில் விட்டிருக்கான், அந்த இன்ஜினியரிங்குக்காகவே ஒரு தடவை போகலாம், அலெட்ஷ் பனியாறு அங்கேர்ந்து தெரியறதும் அசத்தல் தான். ஆனா மேல நிக்கிற நேரத்துல பாதி கூட்டத்துக்குள்ள வழி தேடறதுலயே போயிடுது. கீழ லவுட்டர்ப்ரூனன் பள்ளத்தாக்குல சும்மா நடந்தது தான் எனக்குப் பிடிச்சது, கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்துலேர்ந்து ஸ்டாப்பாக் அருவி விழுது, பாதி தண்ணி கீழ வர்றதுக்குள்ள காத்துல பொடியா பறந்துடுது. கீழ நின்னு பாக்க டிக்கெட் எதுவும் இல்ல.

அந்த ஊர் நடைபாதையில மஞ்சள் போர்டு வெச்சிருப்பாங்க, அதுல கிலோமீட்டர் இருக்காது, எவ்வளவு நேரம் ஆகும்னு தான் போட்டிருக்கும். சமதரைன்னா மணிக்கு 4.2 கிலோமீட்டர்னு கணக்கு, ஏத்தம் இறக்கத்துக்கு தனியா கூட்டிக்கறாங்க. நாடு பூரா இப்படி 65,000 கிலோமீட்டர் பாதை இருக்கு. ஆனா அந்த நேரம் நிக்காம நடக்கறவங்களுக்கு, பூவைப் பாத்து பூச்சியைப் பாத்து நிக்கிற என்னை மாதிரி ஆளுங்க அதை அப்படியே ரெண்டால பெருக்கிக்கலாம் 😄

பைனாக்குலர் வாங்கணும்னு நிறைய பேர் கேக்கறீங்க, 8x42 போதும். 8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மி.மீ, விடிகாலை வெளிச்சத்துலயும் தெளிவா தெரியும். 12 மடங்கு 16 மடங்குன்னு போனா கை ஆடற ஆட்டத்துல குருவி எங்க இருக்குன்னே புடிக்க முடியாது. பறவை சத்தம் கேட்டுப் பேர் சொல்ற மெர்லின் ஆப் ஃப்ரீ தான், ஆனா அது சொல்றதை அப்படியே நம்பாம கண்ணாலயும் ஒரு தடவை பாத்துடுங்க.

அடுத்த ட்ரிப்புக்கு வீட்ல இப்பவே பஞ்சாயத்து ஓடுது. ஒரு வாரத்துல அஞ்சு ஊர்னு ஒரு லிஸ்ட் ரெடியா இருக்கு, நான் ரெண்டு ஊர் போதும், மிச்ச நாள் பிளானே வேணாம்னு நிக்கிறேன், இப்போதைக்கு மூணுல வந்து நிக்குது.